முன்பின் அறியாதவர்க்கு ஒரு பந்தி

நம் பெருநகரங்களில் சில பந்திகள் பெயர்ப்பலகை இல்லாமலே நடைபெறுகின்றன. சனி அல்லது ஞாயிற்றுக்கிழமை நண்பகல். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் உள்ள ஒரு வீட்டின் அழைப்புமணியை எட்டுப் பேர் அடுத்தடுத்து அழுத்துகிறார்கள். வாசலில் காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறார்கள். வீட்டாருக்கும் அவர்களுக்கும் உறவு கிடையாது. அவர்களுள் பலர் ஒருவரையொருவர் பார்ப்பதும் அன்றுதான் முதன்முறை. ஆனால், அடுத்த மூன்று மணி நேரம் அவர்கள் அனைவரும் அந்த வீட்டின் விருந்தினர்கள். உணவுக்குரிய தொகையை முன்கூட்டியே செலுத்திவிட்டு, அவ்வீட்டார் நாள்தோறும் உண்பதை, அவர்கள் உண்ணும் முறையிலேயே உண்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

இவ்வகை வீட்டு விருந்துகளை 'சப்பர் கிளப்' என்று உலகம் அழைக்கிறது. கியூபாவில் 'பலதார்' எனப்படும் வீட்டு உணவகங்கள் 1990-களின் பொருளாதார நெருக்கடியில் பெருகின. 1995-இல் அவற்றுக்குச் சட்ட அனுமதி கிடைத்தபோது, பன்னிரண்டு இருக்கைகளுக்கு மேல் போடக் கூடாது என்று வரம்பு விதிக்கப்பட்டது. லண்டனில் 2009-ஆம் ஆண்டு வாக்கில் இவ்வழக்கம் பரவியது. இந்தியாவில் கடந்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளாக இது வேரூன்றி வருகிறது.

இதனை நகரத்து வசதி படைத்தோரின் புதிய பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், சற்று நெருங்கிப் பார்த்தால் இரண்டு செய்திகள் தெரிகின்றன. உணவகங்களில் ஒருபோதும் கிடைக்காத சமையல்கள் வெளியுலகுக்கு வருவதற்கு இஃது ஒரு வாசல். வீட்டுக்குள் ஊதியமின்றி, கணக்கில் ஏறாமல் நடந்துவந்த ஓர் உழைப்பு முதன்முறையாக ஒரு தொகையாக எழுதப்படுவதும் இங்கேதான். இவ்விரண்டையும் பற்றியே நாம் இக்கட்டுரையில் பேச விரும்புகிறோம்.

ஒரே தாலம், எட்டுப் பேர்

மும்பையின் கொலாபாவில் 2014-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய 'தி போரி கிச்சன்' இவ்வகையில் நாடறிந்த எடுத்துக்காட்டு. அப்போது கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய முனாஃப் கபாடியா, தம் தாயார் நஃபீசாவின் சமையலை உண்ண வெளியாரைத் தம் வீட்டுக்கு அழைத்தார். அடுத்த ஆண்டில் அவர் வேலையை விட்டு விலகி இதனையே தொழிலாக்கிக்கொண்டார். அந்த அனுபவத்தை அவர் எழுதிய நூல் 2021-இல் வெளிவந்தது.

அவ்வீட்டுக்கு மக்களை ஈர்த்தது தாவூதி போரா சமூகத்தாரின் 'தால்' என்னும் உணவுமுறை. தால் என்பது நம் தாம்பாளத்தைவிடப் பன்மடங்கு பெரிய வட்டத் தட்டு. தமிழில் உண்கலத்தைத் தாலம் என்று சொல்லும் வழக்கு உண்டு என்பதால், இச்சொல் நமக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. தரையில் விரித்த துணியின்மேல் ஒரு தாங்கியை வைத்து, அதன்மீது தாலை அமர்த்துகிறார்கள். எட்டுப் பேர் வரை அதனைச் சுற்றிச் சப்பணமிட்டு அமர்கிறார்கள். வீட்டாருள் ஒருவர் செம்பும் ஏந்துபாத்திரமுமாக வந்து ஒவ்வொருவர் கையிலும் நீர் வார்க்கிறார். முதலில் சுற்றிவருவது உப்பு. ஆளுக்கு ஒரு சிட்டிகை எடுத்து நாவில் வைத்துக்கொண்ட பிறகே உணவு தொடங்குகிறது. முடிவிலும் அதே உப்பு.

பிறகு இனிப்பும் காரமும் மாறி மாறி வருகின்றன. இனிப்பைக் கடைசிக்கு ஒதுக்கும் வழக்கம் அங்கில்லை. கொத்துக்கறி அடைத்த சமோசா வரும். அந்தக் கறியின் நடுவே கனன்ற கரித்துண்டை வைத்து, அதன்மேல் சில துளி நெய் விட்டு, பாத்திரத்தை மூடிப் புகையூட்டியிருப்பார்கள். மெதுவாக வெந்த ஆட்டுத்தொடை வரும். பருப்பும் பிரியாணியும் வரும். ஒவ்வொன்றும் தாலின் நடுவில் வைக்கப்படும். அவரவர் தமக்கு எதிரே உள்ள பக்கத்திலிருந்து எடுத்து உண்ண வேண்டும். ஒரு பருக்கையையும் வீணாக்கக் கூடாது என்பது அம்மக்களின் உறுதியான நெறி.

முன்பின் அறியாத எட்டுப் பேர் ஒரே தட்டில் கைவைத்து உண்பது சிறிய செயலன்று. யார் எவரோடு உண்ணலாம் என்பதற்கு நம் நாட்டில் நெடுங்காலமாக எத்தனை வேலிகள் இருந்தன என்பதை நாம் அறிவோம். அந்தப் பின்னணியில் பார்த்தால், பெயரும் ஊரும் மட்டுமே கேட்டுத் தெரிந்துகொண்ட ஒருவரின் அருகே அமர்ந்து, ஒரே கறித்துண்டைப் பிய்த்துக்கொள்வதன் பொருள் விளங்கும்.

அதே வேளையில், வீட்டாரும் விழிப்பாகவே இருந்தார்கள். பணம் செலுத்துவோர் எல்லோருக்கும் இடம் என்பது அங்கே விதியன்று. வர விரும்புவோர் தம்மைப் பற்றிய சில கேள்விகளுக்கு விடையளித்த பிறகே இடம் உறுதியாகும். தம் வீட்டுக் கூடத்தில் யார் அமர்வது என்று முடிவுசெய்யும் உரிமையை வீட்டார் கைவிடாதிருப்பது இத்தொழிலின் முதல் பாடம்.

உணவகம் தராத உணவு

இத்தகைய உணவை உணவகத்திலேயே தரலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். உணவகத்தின் பொருளாதாரம் அதற்கு இடம் தருவதில்லை. வாடகை, ஊதியம், மின்கட்டணம் ஆகியவற்றை ஈடுசெய்ய, எல்லோருக்கும் தெரிந்த பெயர்களையே ஓர் உணவகம் பட்டியலில் எழுத வேண்டியிருக்கிறது. நாடெங்கும் ஒரே வகை வெண்ணெய்க் குழம்பும் ரொட்டியும் கிடைப்பதற்குக் காரணம் இதுவே. ஒரு சிறு சமூகம் தன் வீட்டில் மட்டுமே சமைக்கும் பண்டத்துக்கு, நாள்தோறும் நூறு பேர் வருவார்கள் என்று எவரும் முதலீடு செய்யத் துணிவதில்லை. மும்பையின் பழங்குடிகளான பதாரே பிரபுக்கள், கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள், குடகின் கொடவர்கள் எனப் பலருடைய சமையல் இவ்வாறு வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே தங்கிவிட்டது.

வீட்டு விருந்துக்கு அந்தச் சுமை இல்லை. மாதத்தில் நான்கு நாள், நாளொன்றுக்கு எட்டுப் பேர் என்றால் முப்பத்திரண்டு விருந்தினர் போதும். பெருநகரத்தில் அத்தனை பேரைத் திரட்டுவது இயலக்கூடியதே.

அஸ்ஸாமைச் சேர்ந்த கீதிகா சைக்கியா மும்பையில் நடத்திய விருந்துகள் இதற்கு நல்ல சான்று. வடகிழக்கு மாநிலப் பழங்குடியினரின் உணவுகளை அவர் நகரத்தாருக்கு அறிமுகம் செய்தார். அஸ்ஸாமியச் சமையலில் 'கார்' என்றொரு பண்டம் உண்டு. வாழைத்தோலை உலர்த்தி, எரித்து, அந்தச் சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்தெடுத்த காரநீரே அதற்கு அடிப்படை. புளிப்பு மீன் குழம்பான 'மாசோர் தெங்கா', எரிப் பட்டுப்புழுவின் கூட்டுப்புழு ஆகியவையும் அங்கே உண்ணப்படுபவை. இவற்றை ஓர் உணவகத்தின் அச்சிட்ட பட்டியலில் படிப்பவர் தயங்குவார். சமைத்தவரே எதிரில் அமர்ந்து, இது எந்தப் பருவத்தில் உண்பது, வீட்டில் யார் விரும்பி உண்பார், எதனோடு சேர்த்து உண்ண வேண்டும் என்று சொல்லிப் பரிமாறும்போது தயக்கம் ஆர்வமாக மாறுகிறது. அந்த விளக்கத்தையும் சேர்த்தே விருந்தினர் விலை கொடுக்கிறார்.

வீட்டு விருந்து எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு அஸ்மா கான் மற்றோர் எடுத்துக்காட்டு. கொல்கத்தாவில் பிறந்து, திருமணத்துக்குப் பின் இங்கிலாந்துக்குச் சென்றவர் அவர். சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2012-இல் லண்டனில் உள்ள தம் வீட்டில் விருந்துகளைத் தொடங்கினார். 2017-இல் அது 'டார்ஜீலிங் எக்ஸ்பிரஸ்' என்னும் உணவகமாக வளர்ந்தது. அதன் சமையலறையில் பணிபுரிவோர் அனைவரும் பெண்கள். அவர்களுள் பெரும்பாலோர் சமையற்கல்லூரியில் பயின்றவர்கள் அல்லர். வீட்டில் சமைத்துப் பழகியவர்கள். வீட்டுச் சமையலறையில் பெற்ற அறிவும் ஒரு தொழில்தகுதியே என்பதை அந்த உணவகம் நடைமுறையில் காட்டியது.

ஆலைத் தொழிலாளர் உண்ட வீடுகள்

'சப்பர் கிளப்' என்ற பெயர் புதிது. வீட்டில் சமைத்து அயலார்க்கு விலைக்கு உணவிடும் வழக்கம் இந்நாட்டில் புதிதன்று. அறை எடுத்துத் தங்கிய இளைஞர்களுக்குத் தம் வீட்டுக் கூடத்திலேயே இலை போட்ட 'மாமி மெஸ்' தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரியும். இதே மும்பையில், அதைவிடப் பெரிய அளவில் ஒரு வரலாறு உண்டு. வங்கி வாடிக்கையாளர்களாகிய நாம் அதனை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

பரேல், லால்பாக் பகுதிகளில் பஞ்சாலைகள் இயங்கிய காலத்தில், கொங்கணத்திலிருந்தும் மராட்டிய உட்பகுதிகளிலிருந்தும் ஆண்கள் வேலைக்கு வந்தார்கள். குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு, 'சால்' எனப்படும் நெரிசலான குடியிருப்புகளில் ஓர் அறைக்குப் பலராகத் தங்கினார்கள். அவர்களுக்கு வேளை தவறாமல் உணவளித்தவர்கள் அதே குடியிருப்புகளில் வாழ்ந்த பெண்கள். அந்த வீட்டு உணவிடங்களுக்குக் 'காணாவள்' என்று பெயர். தொழிலாளர்கள் மாதம் பிறந்ததும் ஊதியத்திலிருந்து பணம் தந்தார்கள். அதுவரை அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்க அப்பெண்களிடம் முதல் இல்லை. கடைக்காரரிடம் கடனுக்கும் வட்டிக்காரரிடம் கடும் வட்டிக்கும் வாங்கியே அடுப்பு எரிந்தது. நாள் முழுவதும் உழைத்தும், ஆதாயம் வட்டியிலேயே கரைந்தது.

1969-ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அதுவரை வங்கியின் படியை மிதித்திராதவர்களுக்கும் கடன் வழங்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆனால், சொத்தும் பிணையும் இல்லாத ஒரு சமையற்காரப் பெண்மணி எந்த வங்கியில் போய் நிற்பார்? இந்த இடைவெளியைக் கண்டவர் பிரேமா புராவ். கோவா விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர்; தொழிற்சங்கப் பணியில் பழகியவர். 1975-இல் அவர் 'அன்னபூர்ணா மகளிர் மண்டல்' என்ற அமைப்பைத் தொடங்கினார். காணாவள் நடத்திய பெண்களைக் குழுக்களாகத் திரட்டி, அவர்கள் நாட்டுடைமை வங்கிகளில் சிறு கடன்கள் பெறுவதற்கு அந்த அமைப்பு துணைநின்றது. வட்டிக்காரரிடம் இருந்த கணக்கு வங்கிக்கு மாறியது. 2002-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

1982-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மும்பையின் முகத்தையே மாற்றியது. ஊதியம் நின்ற தொழிலாளியால் உணவுக்குப் பணம் தர இயலவில்லை. ஆலைகளை நம்பியிருந்த அடுப்புகளும் தளர்ந்தன. ஒரே வகை வாடிக்கையாளரை மட்டும் நம்பும் தொழிலுக்கு உள்ள அபாயத்தை அந்நிகழ்வு உணர்த்தியது. அன்னபூர்ணா அமைப்பு பின்னர் நிறுவனங்களுக்கு உணவு சமைத்தளிக்கும் பணியிலும் இறங்கியது.

அன்றைய காணாவளுக்கும் இன்றைய சப்பர் கிளப்புக்கும் தட்டில் வேறுபாடு உண்டு; விலையிலும் வேறுபாடு உண்டு. முன்னது பசிக்கு, பின்னது பெரும்பாலும் ஆர்வத்துக்கு. ஆனால் இரண்டிலும் ஒரு கேள்வி பொதுவானது: உழைப்பது ஒருவர் என்றால், அதன் பயன் யார் கைக்குப் போகிறது? அன்று அது வட்டிக்காரர் கைக்குப் போனது. இன்று நிலை என்ன?

கணக்கு என்ன சொல்கிறது?

இதற்கு விடை காண, எடுத்துக்காட்டாக ஒரு வீட்டு விருந்தின் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். எட்டு விருந்தினர், ஆளுக்கு 1,500 ரூபாய் என்று கொள்வோம். மொத்த வரவு 12,000 ரூபாய்.

செலவுப் பக்கத்தில் மளிகை, இறைச்சி, காய்கனிகளுக்கு 4,200 ரூபாய். விருந்தினரைச் சேர்த்துத் தரும் இணையத் தளத்துக்குத் தரகு 15 விழுக்காடு என்றால் 1,800 ரூபாய். பாத்திரம் துலக்கவும் பரிமாறவும் வரும் உதவியாளருக்கு 1,000 ரூபாய். எரிவாயு, மின்சாரம், குடிநீருக்கு 400 ரூபாய். விரிப்பு வெளுத்தல், பாத்திரத் தேய்மானம், சோப்பு முதலியவற்றுக்கு 600 ரூபாய். ஆகச் செலவு 8,000 ரூபாய். மிச்சம் 4,000 ரூபாய்.

இனி உழைப்பைக் கணக்கிடுவோம். சந்தைக்குச் சென்றுவர மூன்று மணி நேரம். முதல்நாள் அரைத்தல், ஊறவைத்தல், நறுக்குதலுக்கு ஐந்து மணி நேரம். விருந்து நாளில் அடுப்பருகே ஆறு மணி நேரம். விருந்தினரோடு மூன்று, பிறகு வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மூன்று. ஆக 20 மணி நேரம். மணிக்கு 200 ரூபாய் கிடைக்கிறது.

கடைசி நேரத்தில் இருவர் வராமல் போனால்? வரவில் 3,000 ரூபாய் குறையும். தரகில் 450 ரூபாய் மட்டும் மிச்சமாகும். வாங்கிய பொருளும் செய்த வேலையும் மாறுவதில்லை. மிச்சம் 1,450 ரூபாயாக, அதாவது மணிக்கு ஏறத்தாழ 72 ரூபாயாகச் சுருங்கிவிடும். முழுத் தொகையையும் முன்பணமாகப் பெறுவதும், விருந்துக்கு இரண்டு நாள் முன்பு வரை மட்டுமே திருப்பித் தருவதாக அறிவிப்பதும் கடுமை போலத் தோன்றலாம். இந்தக் கணக்கைப் பார்த்தால் அவை ஏன் இன்றியமையாதவை என்பது விளங்கும்.

இக்கணக்கில் பலரும் எழுத மறக்கும் வரி, சமைப்பவரின் உழைப்பு. 'அம்மா எப்படியும் சமைக்கத்தானே செய்கிறார்' என்ற எண்ணத்தில் அதற்கு விலையிடாமல் விட்டால், 4,000 ரூபாயும் இலாபம் போலத் தோன்றும். உண்மையில் அது இருபது மணி நேரக் கூலி. அந்தக் கூலிக்கு மேல் கிடைப்பதே இலாபம். விலையைக் கூட்டுவதா, தளத்தை விட்டு நேரடியாக விருந்தினரைத் திரட்டுவதா, விருந்துகளின் எண்ணிக்கையைக் குறைப்பதா என்பதையெல்லாம் இந்த வரியை எழுதிய பிறகே முடிவுசெய்ய இயலும்.

மற்றொரு வரியும் உண்டு. பல வீடுகளில் விளம்பரமும் முன்பதிவும் மகன் அல்லது மகளின் கைப்பேசியில் நடக்கின்றன. சமையல் தாயார் பொறுப்பு. பணம் கைப்பேசி உள்ளவரின் கணக்குக்கே சென்றுவிடுகிறது. இதில் தீய நோக்கம் எதுவும் இல்லை. வசதி கருதி அவ்வாறு நடக்கிறது. ஆயினும், சமைப்பவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து, விருந்துத் தொகையை நேராக அதில் வரச் செய்வது நல்லது. சில மாதங்களில் அந்தக் கணக்கின் வரவுப் பதிவுகளே அவருடைய தொழிலுக்குச் சான்றாகும். கடன் கேட்கும் நாளில், பிணை இல்லாதவருக்கு அதைவிடச் சிறந்த ஆவணம் இல்லை. காணாவள் பெண்களிடம் இல்லாதிருந்தது இதுவே.

வீட்டைத் திறக்குமுன்

தம் வீட்டிலும் இவ்வாறு பந்தி விரிக்க எண்ணும் வாசகர்கள் சில நடைமுறைகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, உணவுப் பாதுகாப்புப் பதிவு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் வீட்டில் சமைத்து விற்பவர்க்கும் பொருந்தும். 2011-ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு தொழில்களுக்கு உரிமத்துக்குப் பதிலாக எளிய பதிவு முறையை வகுத்தன. நடப்பிலுள்ள வரம்பையும் கட்டணத்தையும் ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். பதிவு பெற்றவர்க்கு 14 இலக்க எண் வழங்கப்படும். அழைப்பிதழிலும் விளம்பரத்திலும் அந்த எண்ணைக் குறிப்பிடுவது விருந்தினரின் நம்பிக்கையைக் கூட்டும்.

இரண்டாவது, எரிவாயு. வீட்டு உபயோகத்துக்கு வழங்கப்படும் 14.2 கிலோ உருளையை வணிகச் சமையலுக்குப் பயன்படுத்துவது விதிகளுக்கு முரணானது. 19 கிலோ வணிக உருளைக்குத் தனி இணைப்புப் பெற வேண்டும். அல்லது மின் அடுப்பைப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதல். வாடகை வீடாயின் உரிமையாளரின் ஒப்புதலும் வேண்டும். மின்தூக்கி, வண்டி நிறுத்துமிடம், இரவு நேர ஓசை ஆகியவை பற்றி அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது பின்னாளில் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும். மதுபானம் பரிமாறுதல் மாநில ஆயத்தீர்வைச் சட்டங்களுக்கு உட்பட்டது. உரிமமின்றி அதில் இறங்கக் கூடாது.

நான்காவது, வரியும் பதிவேடும். விருந்தினால் வரும் வருவாய் தொழில் வருவாயாகும். வருமான வரிக் கணக்கில் அதனைக் காட்ட வேண்டும். சேவைகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு, பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது கட்டாயமாகிறது. ஒவ்வொரு விருந்துக்கும் வரவு, செலவு, உழைத்த நேரம் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரும் பழக்கம் இவை எல்லாவற்றையும் எளிதாக்கும்.

ஐந்தாவது, முதலீடு. பெரிய பாத்திரங்கள், குளிர்பதனப் பெட்டி, கூடுதல் அடுப்பு ஆகியவற்றுக்குக் கடன் தேவைப்படலாம். 2015-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெற வழியுண்டு. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 'உத்யம்' பதிவு கட்டணமின்றிக் கிடைக்கிறது. எனினும், முதல் சில விருந்துகளை வீட்டில் உள்ள பாத்திரங்களைக் கொண்டே நடத்திப் பார்த்துவிட்டு, தேவை உறுதியான பிறகு கடனுக்குச் செல்வதே அறிவுடைமை.

வளர்ச்சியைப் பற்றியும் ஒரு சொல். கூடத்தில் எட்டுப் பேருக்குச் சமைத்த கை, நகரெங்கும் பொட்டலமாக அனுப்பத் தொடங்கும்போது தொழில் வேறாகிவிடுகிறது. வாடகையும் ஊதியமும் உள்ளே நுழைகின்றன. 'தி போரி கிச்சன்' விநியோகச் சமையற்கூடங்களாக விரிந்ததையும், 2020-இன் பெருந்தொற்றில் அவை கடும் அடி வாங்கியதையும் நாம் நினைவில் கொள்ளலாம். சிறிதாகவே இருப்பது சில தொழில்களுக்கு வலிமை.

விருந்தினராகச் செல்வோர்க்கு

விலை கொடுத்துவிட்டோம் என்பதால் வீடு உணவகமாகிவிடுவதில்லை. ஒவ்வாமையோ உணவுக் கட்டுப்பாடோ இருப்பின், முன்பதிவின்போதே தெரிவிக்க வேண்டும். நிலக்கடலை, முந்திரி, மீன் போன்றவை எந்தெந்தப் பண்டத்தில் உள்ளன என்று கேட்டறிவதில் கூச்சம் வேண்டியதில்லை. குறித்த நேரத்துக்குச் செல்வது இன்றியமையாதது. ஒருவர் தாமதித்தால் எட்டுப் பேரின் உணவு ஆறும். வீட்டாரையோ அறைகளையோ படம் எடுக்குமுன் அனுமதி கேட்க வேண்டும். சமையலறைக்குள் அழைத்தால் மட்டுமே செல்ல வேண்டும். பிடிக்காத பண்டத்தை ஒரு கவளம் உண்டு பார்த்துவிட்டு மறுப்பதில் தவறில்லை. சமைத்தவர் எதிரிலேயே நிற்கிறார் என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

புதியதோர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பதிவு எண் உள்ளதா, முகவரியும் கட்டணமும் ரத்து விதிகளும் எழுத்தில் தெளிவாகத் தரப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது நல்லது. முன்பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ செலுத்தினால் இரு தரப்புக்கும் சான்று இருக்கும்.

விருந்தும் விலையும்

விருந்தோம்பலுக்கு விலை வைப்பது முறைதானா என்ற ஐயம் நம்மில் பலருக்கு எழும். அது மதிக்கத்தக்க ஐயமே. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த மரபு நம்முடையது. விலை பெற்ற பின் அது விருந்தாகுமா?

'விருந்து' என்ற சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதாகும். தொல்காப்பியம் அச்சொல்லை அப்பொருளில் ஆள்கிறது. அதன்வழியே, புதிதாக வந்தவரைக் குறிக்கும் சொல்லாக அது வழங்கியது. உறவினரைப் பேணுவதற்குச் சுற்றந்தழால் என்று தனிப்பெயர் உண்டு. முன்பின் அறியாதவரை வீட்டுக்குள் அமர்த்துவதே விருந்தோம்பல். அந்தப் பொருளில், இன்றைய வீட்டுப் பந்தி அச்சொல்லுக்கு மிக அண்மையில் நிற்கிறது.

விலையைப் பொறுத்தவரை, பழைய விருந்துகள் இலவசமாக நடந்தன என்று நாம் எண்ணுவதே சற்றுத் தவறு. அவற்றுக்கும் விலை இருந்தது. அதிகாலையில் எழுந்து அம்மியில் அரைத்தவர், அடுப்பின் புகையில் நின்றவர், எல்லோரும் உண்ட பின் மிஞ்சியதை உண்டவர், அந்த விலையைத் தம் உடலால் செலுத்தினார். அதனை எவரும் எழுதி வைக்கவில்லை. உறவினர்க்கும் நண்பர்க்கும் அன்பால் இடும் சோறு இனியும் அன்பாலேயே இடப்படட்டும். அறிமுகமற்றவர் ஒருவர் வந்து, 'தங்கள் கைப்பக்குவத்தை அறிய விரும்புகிறேன். அதற்குரியதைத் தருகிறேன்' என்று சொல்லும்போது, அந்த அம்மையார் தம் பெயரில் ஒரு தொகையைப் பெற்றுக்கொள்வதில் விருந்தோம்பலுக்கு இழுக்கு எதுவுமில்லை.

அடுத்த முறை வெளியூர் செல்லும்போதோ, உங்கள் நகரிலேயே ஒரு விடுமுறை நாளிலோ, இவ்வாறான ஒரு வீட்டைத் தேடிச் சென்று உண்டு பாருங்கள். உங்கள் வீட்டில் ஒரு கைப்பக்குவம் இருந்து, அதனைப் பிறர்க்கு அளிக்கும் எண்ணமும் இருந்தால், முதலில் ஒரு குறிப்பேட்டை வாங்குங்கள். வரவு, செலவு என்னும் இரு பத்திகளோடு மூன்றாவதாக ஒரு பத்தியை வரைந்து, அதன் தலைப்பில் சமைப்பவரின் பெயரை எழுதுங்கள்.